ஏற்பதும் மறுப்பதும்: ஆய்விதழ்கள் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை



முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் ஈராண்டு உழைத்துத் தம் முதற்கட்டுரையை எழுதுகிறார். ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புகிறார். ஐந்து மாதங்கள் கழித்து நான்கு வரிகளில் மறுமொழி வருகிறது. கட்டுரை ஏற்கப்படவில்லை. அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் யார் இருந்தனர், எதைப் படித்தனர், எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தனர் என்பது அவருக்குத் தெரிவதில்லை. சிலர் அத்துடன் எழுதுகோலை வைத்துவிடுகின்றனர். சிலர் பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களை நாடுகின்றனர். இருவகையினரையும் நாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் கண்டோம். இருவர்க்கும் நேர்ந்த இழப்பிற்குப் பெருங்காரணம் ஒன்றே: ஆய்விதழ் எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே, மொழியைப் பற்றிப் பேசுவதற்கு மாற்றாக, மொழியைப் பற்றிய கருத்துகள் எவ்வாறு ஆய்வறிவாக ஏற்கப்படுகின்றன என்பதை இச்சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். ஆய்விதழில் வரும் ஒரு கட்டுரை ஒரு துறையையே திசைமாற்ற வல்லது. அமெரிக்க மொழியியற் கழகம் 1925ஆம் ஆண்டில் தொடங்கிய 'லாங்குவேஜ்' என்னும் இதழில், 1956ஆம் ஆண்டில் எமனோ எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இந்திய மொழிகள் நெடுங்காலம் அருகருகே வழங்கியமையால் பொதுக்கூறுகளைப் பெற்று ஒரே மொழிப்பரப்பாக அமைந்தன என்பது அதன் கருத்து. திராவிட மொழியியல் படிக்கும் எவரும் இன்றும் அக்கட்டுரையைத் தொடாமல் செல்ல இயலாது. அத்தகைய கட்டுரைக்கு இடமளிக்கும் வாயில் எவ்வாறு திறக்கிறது, எவ்வாறு மூடுகிறது என்பதை அறிவது நம் கடமையாகும்.

அரங்கேற்றம் என்னும் பழைய முறை

நூலை அறிஞர் முன் வைத்துக் குறைகேட்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பனம்பாரனார் இயற்றிய பாயிரத்தின்படி, தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது. இதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஒரு கதையைச் சொல்கிறார். அகத்தியர் தம் மாணவராகிய தொல்காப்பியர்மீது சினங்கொண்டிருந்தார். ஆதலால் அவர் நூலைக் கேட்க வேண்டாவென அதங்கோட்டாசானிடம் கூறினார். தொல்காப்பியரோ நூலைக் கேட்டே ஆகவேண்டும் எனப் பலமுறை சென்று வேண்டினார். இருவர் மனமும் நோகாதிருக்க ஆசான் ஒரு வழி கண்டார்: நூலைக் கேட்பது, ஆனால் குற்றம் கூறிவிடுவது. அவ்வாறே அவர் எழுப்பிய வினாக்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார், நூல் நிலைபெற்றது.

இக்கதை வரலாறாயினும் அன்றாயினும், மதிப்பீட்டைப் பற்றிய ஓர் உண்மையை அது உணர்த்துகிறது. ஆசான் நடுநிலையில் அமர்ந்தவர் அல்லர். குற்றம் காணும் எண்ணத்துடனேயே அமர்ந்தார். ஆயினும் வினாக்கள் அவையில் வெளிப்படையாகக் கேட்கப்பட்டன. விடை சொல்ல நூலாசிரியருக்கு வாய்ப்பு இருந்தது. மதிப்பிடுபவரின் சார்பை வென்றது அந்த வாய்ப்பே. இன்றைய ஆய்விதழ்களின் நிறைகுறைகளை ஆராயும்போது இதனை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

மதிப்பீட்டுக்கு உரிய அளவுகோலையும் நம் இலக்கணிகள் வகுத்தனர். பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும் அழகுகள் பத்து என்றும் பட்டியலிடுகிறார். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலியன அக்குற்றங்களுள் அடங்கும். இன்று ஆய்விதழ்கள் மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் வினாப்படிவத்தை இப்பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு வியப்பு உண்டாகும். கட்டுரை ஒரு பொருளிலிருந்து விலகிச் செல்கிறதா, முன்னுக்குப்பின் முரண்படுகிறதா என்பனவே அங்கும் கேட்கப்படுகின்றன.

இன்றைய முறை உருவான வரலாறு

ஆய்விதழ்களின் காலம் 1665ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டின் சனவரியில் பாரிசில் ஓர் இதழும், மார்ச்சில் இலண்டன் ராயல் கழகத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்' என்னும் இதழும் வெளிவந்தன. அக்காலத்தில் எதை அச்சிடுவது என்பது ஏறத்தாழ ஓல்டன்பர்க் ஒருவரின் முடிவாகவே இருந்தது. 1752ஆம் ஆண்டில் ராயல் கழகம் அவ்விதழின் பொறுப்பைத் தானே ஏற்று, கட்டுரைகளைத் தெரிவுசெய்ய ஒரு குழுவை அமைத்தது.

எழுத்துவடிவிலான மதிப்பீட்டறிக்கை 1830களின் தொடக்கத்தில் தோன்றியது. வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞர் அதனை முன்மொழிந்தார். பூமி, வெள்ளி ஆகிய கோள்களின் இயக்கம் பற்றி ஜார்ஜ் ஏரி எழுதிய கட்டுரையை ஹியூவெலும் ஜான் லப்பக்கும் மதிப்பிட அமர்ந்தனர். தொடக்கத்திலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை. கட்டுரையின் சிறப்பையும் அது துறையில் பெறும் இடத்தையும் விளக்குவதே அறிக்கையின் பணி என்றார் ஹியூவெல். அதன் குறைகளைச் சுட்டுவதே பணி என்றார் லப்பக். மதிப்பீட்டாளர் கட்டுரையை உலகிற்கு அறிமுகம் செய்பவரா, வாயிற்காவலரா என்னும் இந்த வழக்கு அன்று தொடங்கியது, இன்றும் தீர்ந்தபாடில்லை.

வெளி அறிஞர்களிடம் கட்டுரையை அனுப்பிக் கருத்துக் கேட்பது எல்லா இதழ்களிலும் வழக்கமாக வெகுகாலம் ஆயிற்று. ஐன்ஸ்டைன் 1936ஆம் ஆண்டில் ரோசன் என்பாருடன் இணைந்து, ஈர்ப்பலைகள் இல்லை என்னும் முடிவைக் கூறும் கட்டுரையை 'பிசிக்கல் ரிவியூ' இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் ஜான் டேட் அதனை வேறோர் அறிஞரிடம் காட்டினார். அவர் பத்துப் பக்கம் குறைகள் எழுதினார். அச்சிடுவதற்கு முன் பிறரிடம் காட்டத் தாம் இசைவு தரவில்லை என்று சினந்து, ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் குறை உண்மையானது. அந்த மதிப்பீட்டாளர் ராபர்ட்சன் என்பது பின்னாளில் தெரியவந்தது. அவர் தம் மதிப்பீட்டைப் பற்றி ஏதும் கூறாமல், உடன் பணிபுரிந்தவர் வழியாக அப்பிழை ஐன்ஸ்டைனுக்கு எட்டும்படி செய்தார். 1937ஆம் ஆண்டில் வேறோர் இதழில் அக்கட்டுரை முடிவு மாற்றப்பட்டு வெளிவந்தது. மதிப்பீட்டை அவமதிப்பாகக் கருதிய மேதையையும் அம்மதிப்பீடே பிழையிலிருந்து காத்தது.

மறுபுறம், மரபணுப் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கூறிய வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை 1953ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளி மதிப்பீட்டுக்கு அனுப்பப்படாமலேயே அச்சாயிற்று. அவ்விதழ் வெளி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973ஆம் ஆண்டில்தான். ஆகவே, நாம் தொன்றுதொட்டு வருவது என எண்ணும் முறை உண்மையில் நம் வாழ்நாளுக்குள்ளேயே நிலைபெற்றதாகும். மனிதர் அமைத்த முறை ஆதலின் அது திருத்தத்திற்கும் உரியது.

கட்டுரை கடந்து செல்லும் வாயில்கள்

முதல் வாயில் இதழாசிரியரின் மேசை. கட்டுரை இதழின் துறைக்குள் அமைகிறதா, எழுத்துநெறிகளைப் பின்பற்றியுள்ளதா, பிறர் எழுத்தை எடுத்தாண்டுள்ளதா, வேறெங்கேனும் முன்பே வெளிவந்துள்ளதா என்பவை இங்கே பார்க்கப்படும். பல கட்டுரைகள் இவ்வாயிலிலேயே திருப்பப்படுகின்றன. அதற்குக் காரணம் ஆய்வின் தரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒலியனியல் கட்டுரையை இலக்கியத் திறனாய்வு இதழுக்கு அனுப்பினால், அது எத்துணைச் சிறந்ததாயினும் திரும்பியே வரும். ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே காலத்தில் அனுப்புவதும் ஆய்வு நெறிக்குப் புறம்பானது. கண்டறியப்பட்டால் இரண்டு இடங்களிலும் கதவு அடைபடும். ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டி அனுப்புவது நம் மாணவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. ஆய்வேடு மாணவரின் பரந்த படிப்பைக் காட்ட எழுதப்படுவது. கட்டுரை ஒரே ஒரு கருத்தை நிறுவ எழுதப்படுவது.

இரண்டாம் வாயில் மதிப்பீட்டாளர்கள். பொதுவாக அத்துறையில் ஆய்வு செய்த இருவர் அல்லது மூவர். இவர்களுக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை; தம் பணிகளுக்கிடையே ஓய்ந்த நேரத்தில் படிக்கின்றனர். மறுமொழி வர மாதங்கள் ஆவதற்கு முதற்காரணம் இதுவே. எழுதியவரின் பெயர் மதிப்பீட்டாளருக்குத் தெரிந்து, மதிப்பீட்டாளரின் பெயர் மட்டும் மறைக்கப்படுவது ஒருபுற மறைப்பு. இருவர் பெயரும் ஒருவருக்கொருவர் மறைக்கப்படுவது இருபுற மறைப்பு. மொழியியல், மானிடவியல் போன்ற துறைகளில் இது பெருவழக்கு. பெயர்களை வெளிப்படையாக வைக்கும் திறந்த முறையும் சில இதழ்களில் உண்டு. தமிழாய்வு போன்ற சிறிய துறையில் மறைப்பு என்பது மெல்லிய திரையே. எந்த வட்டாரத் தமிழை யார் ஆராய்கின்றனர் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பக்கத்திலேயே எழுதியவர் யாரென ஊகித்துவிடலாம். அவ்வாறு ஊகிக்க நேர்ந்து, அவர் நம் மாணவராகவோ நம்முடன் வழக்காடியவராகவோ இருப்பின், கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவதே மதிப்பீட்டாளரின் அறம்.

மூன்றாம் வாயில் முடிவு. மதிப்பீட்டாளர்கள் பரிந்துரை மட்டுமே செய்கின்றனர், முடிவெடுப்பவர் இதழாசிரியர். இருவர் அறிக்கைகளும் முரண்பட்டால் மூன்றாமவர் ஒருவரை நாடுவது வழக்கம். முடிவு நால்வகைப்படும்: அப்படியே ஏற்றல், சிறு திருத்தத்துடன் ஏற்றல், பெருந்திருத்தம் செய்து மீண்டும் அனுப்பச் சொல்லுதல், மறுத்தல். முதல்வகை மிக அரிது. பெருந்திருத்தம் கோரும் கடிதத்தை மறுப்பு என்று எண்ணிக் கைவிட்ட இளைஞர்கள் பலரை நாம் அறிவோம். அது மறுப்பன்று, வாயில் பாதி திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

மதிப்பீட்டாளர் தேடுவன

மதிப்பீட்டாளர் முதலில் கேட்கும் கேள்வி, இக்கட்டுரை எவ்வினாவிற்கு விடை கூறுகிறது என்பதே. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மலேசியத் தமிழில் வழங்கும் மலாய்ச் சொற்களைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். அறுபது சொற்களைத் திரட்டி, பொருள் எழுதி, அகரவரிசையில் அடுக்கியுள்ளார். உழைப்பு உண்டு, பயனும் உண்டு. ஆனால் அது பட்டியல், கட்டுரை ஆகாது.

அதே சொற்களில் ஒரு வினாவை எழுப்பிப் பார்ப்போம். ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லில் தகரம் ஒற்றையாகவே உள்ளது. தமிழில் அது 'கித்தா' என இரட்டித்தது ஏன்? முதலாளியைக் குறிக்கும் 'தவுக்கே' என்னும் சொல்லிலும் ககரம் இரட்டித்துள்ளதே? தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லெழுத்து மெலிந்து ஒலிக்கும். 'பதம்', 'பத்து' ஆகிய சொற்களை ஒலித்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். மலாய்ச் சொல்லின் வல்லொலியைக் காக்க வேண்டுமாயின் இரட்டிப்பதே தமிழ் தரும் வழி. இனி, சிற்றூரைக் குறிக்கும் 'கம்போங்' என்பது 'கம்பம்' ஆயிற்று. ஙகரமெய் தமிழில் சொல்லிறுதியில் நிற்பதில்லை. ஆகவே அச்சொல் மகர ஈற்றுப் பெயராக மாறியது. மாறியதுடன் அமையாமல் அத்துச் சாரியையும் பெற்று, 'கம்பத்து வீடு', 'கம்பத்தில்' என நம் மரம், குளம் போலவே வேற்றுமை ஏற்கிறது. கடன்பெற்ற சொல் ஒலியளவில் மட்டுமன்றி உருபனியல் அளவிலும் குடியுரிமை பெற்றுவிட்டது என்பது இதனால் விளங்கும். இப்போது பட்டியல் கருத்தாயிற்று. சொற்கள் அக்கருத்துக்குச் சான்றுகளாயின. இரட்டிக்காத சொற்கள் எவை, ஏன் என்று ஆராயத் தொடங்கினால் அது ஆய்வுக்கட்டுரையாக வளரும்.

இரண்டாவதாக, இதே பொருளில் முன்னோர் கூறியவற்றை எழுதியவர் அறிந்திருக்கிறாரா என்று பார்க்கப்படும். முன்னாய்வுகளின் பெயர்களை வரிசையாக அடுக்குவது இதற்குப் போதாது. அவை எங்கே நின்றன, நாம் எங்கிருந்து தொடர்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சான்றும் முறையும். எத்தனை பேரிடம், எப்போது, எவ்வாறு திரட்டினீர் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றொருவர் அதே வழியில் சென்று சரிபார்க்க இயல வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் ஆசிரியர்கள் வகுப்பறையில் செயலாய்வு மேற்கொள்கின்றனர். இருபது மாணவரைக் கொண்டு ஆறு வாரம் செய்த ஆய்வு சிறியதாயினும் மதிப்புடையதே. ஆனால் அதன் முடிவை எல்லாத் தமிழ் மாணவர்க்கும் உரியதாக விரித்துரைத்தால் மதிப்பீட்டாளர் அதனை ஏற்கமாட்டார். பெற்றோரின் இசைவு பெறப்பட்டதா, மாணவர் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளனவா என்பதும் வினவப்படும்.

நான்காவது, முடிவு சான்றிலிருந்து பிறக்கிறதா என்பது. 'தமிழ் தொன்மையான மொழி, ஆகவே' என்று தொடங்கும் வாக்கியங்களை நாம் மதிப்பிட்ட கட்டுரைகளில் பன்முறை கண்டிருக்கிறோம். அந்த 'ஆகவே' என்னும் சொல்லுக்கு முன்னுள்ள கூற்று உண்மையாகவே இருக்கலாம். பின்னுள்ளது அதிலிருந்து பிறப்பதில்லை. மொழிப்பற்று ஆய்வைத் தொடங்கி வைக்கலாம். சான்றின் இடத்தில் அது அமர இயலாது.

முறை தவறும் இடங்கள்

இம்முறை எப்போதும் சரியான முடிவையே தருகிறதா? இல்லை. பீட்டர்ஸ், செசி என்னும் உளவியலாளர் இருவரின் சோதனை 1982ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகழ்பெற்ற உளவியல் இதழ்களில் முன்பே அச்சான பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்து, எழுதியவர் பெயரையும் நிறுவனப் பெயரையும் யாரும் அறியாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அவை வெளிவந்த அதே இதழ்களுக்கு மீண்டும் அனுப்பினர். மூன்று கட்டுரைகள் மட்டுமே முன்பு வெளிவந்தவை எனக் கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டு மறுக்கப்பட்டன. முறையியலில் பெருங்குறை உண்டு என்பது அடிக்கடி கூறப்பட்ட காரணம். பெயரும் நிறுவனமும் மதிப்பீட்டைச் சாய்க்கின்றன என்னும் ஐயம் இதனால் வலுப்பெற்றது. முடிவுகளில் தற்செயலுக்கும் பங்குண்டு என்று இதனைப் படிப்போரும் உளர். எவ்வாறாயினும், மறுப்புக் கடிதம் இறுதித் தீர்ப்பன்று என்பது தெளிவு.

பிறர் பிழைகளை மட்டும் சொல்லி அமைவது முறையன்று. நம் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்விதழ் நமக்கு ஒரு கட்டுரையை மதிப்பீட்டிற்கு அனுப்பியது. மலேசியத் தோட்டப்புறம் ஒன்றில் வாழ்ந்த முதியோரின் பேச்சுத்தமிழ் பற்றியது அது. எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. இளையவர் என்பது நடையில் தெரிந்தது. தகவலாளர் ஆறு பேரே. கோட்பாட்டுப் பகுதி ஏறத்தாழ இல்லை. ஒலிப்பெயர்ப்பில் சீர்மை இல்லை. ஆனால் அந்த ஆறு முதியோரும் நிரை, மங்கு, ஒட்டுப்பால், பிரட்டு என்று தம் வேலையைப் பற்றியும், உறவுகளைப் பற்றியும் பேசிய வாக்கியங்கள் பக்கம் பக்கமாக, பேசியபடியே பதிவாகியிருந்தன.

நாம் ஒன்றரைப் பக்கம் எழுதினோம். சான்று குறைவு, கோட்பாட்டு அடிப்படை இல்லை, மறுக்கலாம் என்பது அதன் சாரம். அதில் பொய் ஏதும் இல்லை. கட்டுரை மறுக்கப்பட்டதாக இதழாசிரியர் பின்னர்த் தெரிவித்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, தோட்டப்புறத் தமிழை ஆராய வந்த மாணவி ஒருவருக்கு வழிகாட்டும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. அப்போது அக்கட்டுரை நினைவுக்கு வந்தது. தேடினோம், எங்கும் அச்சாகவில்லை. கட்டுரையில் குறிப்பிடப்பட்டிருந்த தோட்டத்திற்கு அம்மாணவி சென்று பார்த்தார். அங்கே வீடமைப்புப் பகுதி எழுந்திருந்தது. குடும்பங்கள் நகரங்களுக்குப் பிரிந்து போயிருந்தன. முதியோரைப் பற்றிச் சொல்ல எவரும் இல்லை. எழுதியவர் யாரென்று இன்றுவரை நமக்குத் தெரியாது. மறைப்புமுறை அவரை நம் சார்பிலிருந்து காத்தது. நம்மை அவர் கேள்வியிலிருந்தும் காத்துவிட்டது.

பெருந்திருத்தம் செய்து அனுப்புக என எழுதியிருக்கலாம். சான்றுகளை முதன்மையாக்கி, கோட்பாட்டை விடுத்து, பதிவுக் கட்டுரையாக மாற்றலாம் என வழிகாட்டியிருக்கலாம். அதற்கு நமக்கு மேலும் ஒரு மாலைப்பொழுது செலவாகியிருக்கும். அன்று தொட்டு, மறுக்கப் பரிந்துரைக்கும்முன் ஒரு வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது: இக்கட்டுரை வெளிவராமற் போனால் திரும்பப் பெற இயலாதது ஏதேனும் இழக்கப்படுமா? இளைய ஆசிரியர்களுள் பலர் நாளை மதிப்பீட்டாளர் ஆவீர்கள். இவ்வினாவை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

போலி இதழ்கள்

மதிப்பீட்டில் குறை இருப்பதால் மதிப்பீடே இல்லாத இதழ்களை நாடுவது தீர்வாகாது. கட்டணம் பெற்று, படித்துப் பாராமலே அச்சிடும் இதழ்கள் இன்று பெருகியுள்ளன. ஜான் போகனன் என்னும் இதழியலாளர், வேண்டுமென்றே அடிப்படைப் பிழைகள் நிறைந்த ஓர் அறிவியற் கட்டுரையைப் புனைந்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கத்தக்க திறந்தநிலை இதழ்கள் 304க்கு அனுப்பி, அதன் விளைவை 2013ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். 157 இதழ்கள் அதனை ஏற்றன. 98 இதழ்கள் மறுத்தன. எழுதியவரிடமிருந்து கட்டணம் பெறும் இதழ்கள் யாவும் போலி என்பது இதன் பொருளன்று. நேர்மையான திறந்தநிலை இதழ்கள் பல உள்ளன. கட்டணத்திற்கு ஈடாக மதிப்பீடு நடக்கிறதா என்பதே கேள்வி.

அடையாளங்கள் சிலவற்றைக் கூறலாம். ஒரு வாரத்தில் ஏற்பு உறுதி என்று அறிவிக்கும் இதழை ஐயுறுக. மொழியியல், வேளாண்மை, மருத்துவம் அனைத்தும் ஒரே இதழில் இடம்பெற்றால் ஐயுறுக. ஆசிரியர் குழுவிலுள்ளோர் உண்மையில் அத்துறையினர்தாமா, தம் பெயர் அங்கிருப்பதை அறிவார்களா என்று விசாரிக்க. பன்னாட்டு இதழ்த் தொடர் எண் பெற்றிருப்பதைத் தரச்சான்று என நம்மவர் பலர் கருதுகின்றனர். அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. தரத்தைப் பற்றி அது ஏதும் கூறுவதில்லை. அவ்விதழின் பழைய தொகுதி ஒன்றில் நான்கு கட்டுரைகளைப் படித்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

மாநாட்டு மலர்களைப் பற்றியும் ஒரு சொல். 1966ஆம் ஆண்டில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது கோலாலம்பூரில். 1952ஆம் ஆண்டிலேயே 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கி, தமிழாய்வை உலக அறிஞர் முன் வைத்த தனிநாயகம் அடிகளார் அம்மாநாட்டிற்கு முதன்மைக் காரணர். அத்தகைய மரபு நம் மண்ணில் உள்ளது. ஆனால் இன்று வந்த கட்டுரைகள் யாவற்றையும் அச்சிட்டு, பங்கேற்றோர் கையில் கொடுத்துவிடும் மலர்களும் உண்டு. அவை ஊக்கம் தருவன. ஆய்வைச் சோதித்துத் தருவன அல்ல. இரண்டின் பயனும் வேறு என்பதை மாணவர்க்கு ஆசிரியர்கள் உணர்த்த வேண்டும்.

மறுப்பை எதிர்கொள்ளுதல்

மறுப்புக் கடிதம் வந்தால் என்ன செய்வது? முதல் நாள் ஒன்றும் செய்ய வேண்டா. அறிக்கையைப் படித்துவிட்டு மூடி வைக்க. சில நாள் கழித்து மீண்டும் எடுத்து, ஒவ்வொரு குறையையும் தனித்தனியே எண்ணிட்டு எழுதுக. அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்: உண்மையான குறை, நாம் தெளிவாக எழுதாமையால் மதிப்பீட்டாளர் தவறாக உணர்ந்துகொண்டது, அவர் பக்கத்துப் பிழை. நம் அனுபவத்தில் இரண்டாம் வகையே மிகுதி. மதிப்பீட்டாளர் புரிந்துகொள்ளவில்லை என்று குறைபடுவதற்கு மாற்றாக, கவனத்துடன் படித்த ஒருவர்க்கே புரியாதது பிறர்க்கு எவ்வாறு புரியும் என எண்ணிப் பார்த்தால் கட்டுரை தெளிவடையும்.

திருத்தி அனுப்பும் வாய்ப்பு கிடைத்தால், மறுமொழிக் கடிதம் கட்டுரையைப் போலவே முதன்மையானது. ஒவ்வொரு குறிப்பையும் எழுதி, அதன்கீழ் என்ன செய்தோம், எந்தப் பக்கத்தில் செய்தோம் எனக் காட்டுக. ஒரு குறிப்பை ஏற்க இயலாவிடில் காரணத்தைப் பணிவுடனும் சான்றுடனும் கூறுக. தொல்காப்பியர் ஆசானின் வினாக்களுக்கு விடை கூறியதாகச் சொல்லப்படும் இடம் இதுவே. இன்றைய அவையில் முகம் தெரிவதில்லை. விடை கூறும் உரிமை மட்டும் மறைந்துவிடவில்லை. மறுப்பு உறுதியானால், கண்ட குறைகளைக் களைந்தபின் பொருத்தமான வேறோர் இதழுக்கு அனுப்புக. களையாமல் அனுப்பினால், சிறிய துறையில் அதே மதிப்பீட்டாளரிடமே அது மீண்டும் சென்று சேரக்கூடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரின் கட்டுரையைத் திருத்தித் தரும்போது, மதிப்பெண்ணை மட்டும் எழுதாமல் அரைப் பக்கத்தில் ஒரு மதிப்பீட்டறிக்கை எழுதித் தருக. கட்டுரை என்ன சொல்கிறது என்பதை முதல் இரண்டு வரிகளில் நேர்மையாகச் சுருக்குக. பின் அதன் வலிமையையும், பின் குறைகளையும் அவற்றைக் களையும் வழிகளையும் எழுதுக. மாணவர்கள் ஒருவர் கட்டுரையை மற்றொருவர் பெயரறியாமல் மதிப்பிடும் பயிற்சியையும் வகுப்பில் செய்து பார்க்கலாம். மேனிலைப் பள்ளியிலேயே இப்பழக்கம் வேரூன்றினால், பின்னாளில் வரும் நான்கு வரி மறுப்பு அவர்களை வீழ்த்தாது. அறிக்கை எழுதும் இடத்தில் அவர்கள் அமரும் நாளிலும், எதிர்ப்புறத்தில் முகம் தெரியாத ஒருவர் ஈராண்டு உழைத்திருக்கிறார் என்பது அவர்கள் நினைவில் நிற்கும்.